கனமான டூரிங் மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றுவது: பழையதைக் கழற்ற முன்னிருந்து முதல் 150 கிலோமீற்றர் வரை

பின் டயர் மொட்டையாகிவிட்டது என்று தெரிந்ததும் கனபேர் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, எந்த பிராண்ட் நல்லது?" இந்த வழிகாட்டியில் அந்தக் கேள்வி ஐந்தாவது படியில்தான் வருகிறது. அதற்கு முந்திய நான்கையும் தாண்டிக் குதித்தவர்கள்தான் நல்ல டயரை வாங்கிவிட்டுப் பிறகு "வண்டி ஆடுது" என்று வந்து நிற்கிறார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் 250 கிலோவுக்கு மேற்பட்ட ஸ்போர்ட் டூரிங் வண்டிகளுக்கு: யமஹா எஃப்ஜேஆர் 1300, ஹொண்டா எஸ்டி 1300, கவாசாகி ஜிடிஆர் 1400 மாதிரியானவை. கொழும்பில் இவை கொஞ்சம்தான். அதனால் கடைக்காரருக்கும் பழக்கம் குறைவு. அவர் நாளெல்லாம் பார்ப்பது 150 சிசி வண்டிகளை. கேட்க வேண்டியதை நீங்களே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை: வண்டியின் கையேடு, சொந்தமாக ஒரு காற்றழுத்த மானி, டோர்ச், தவாளிப்பின் ஆழம் பார்க்கும் சின்ன அளவுகோல், படம் எடுக்க ஃபோன். கையேடு தொலைந்திருந்தால் அந்த மாடலுக்கும் அந்த ஆண்டுக்கும் உரியதை இணையத்தில் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். மானியில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

1. பழைய டயரைக் கழற்ற முன் வாசியுங்கள்

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சில்லை மெதுவாகச் சுற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். பழைய டயரைத் தின்ற குறை வண்டியிலேயே இருந்தால் புதியதையும் அதுவே தின்னும்.

நடுப்பகுதி மட்டும் தட்டையாகி, ஓரங்கள் புதிதாகவே இருந்தால் நேர் றோட்டில் ஓடிய டயர். கொழும்பு–காலி வீதி நெரிசலிலேயே காலம் போன வண்டிகளில் பெரும்பாலும் இப்படித்தான். இது குறை இல்லை. ஆனால் அடுத்த டயரை எப்படித் தேர்வது என்று இது சொல்கிறது.

முன் டயரில் கட்டைகள் ஒன்றுவிட்டு ஒன்று உயர்ந்தும் தாழ்ந்தும், கையால் தடவினால் ரம்பம் போல் பட்டால், காற்று குறைவாக ஓடியிருக்கிறது அல்லது முன் போர்க் (முன் சில்லைத் தாங்கும் இரண்டு கால்கள்) களைத்துவிட்டது. இந்த எடைக்கு முன் பிறேக் நிறைய வேலை செய்வதால் இது அடிக்கடி வரும். 60, 70 வேகத்திலிருந்து கையை விட்டு வேகம் குறையும்போது ஹாண்டில் நடுங்குவதும் இதோடு சேர்ந்த கதை. போர்க் எண்ணெயையும் ஹாண்டில் பெயாரிங்கையும் பார்க்காமல் புது டயர் போட்டால் சில மாதத்தில் அதே நடுக்கம் திரும்பி வரும்.

பக்கச்சுவரில் மயிர் வெடிப்புகள் இருந்தால் வயது போய்விட்டது. வெள்ளவத்தையில் கடல் பக்கம், வெயிலில் நிற்கும் வண்டிகளுக்குத் தவாளிப்பு மிச்சமிருக்கும்போதே இது வந்துவிடுகிறது.

தவாளிப்புக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். அவை இருக்கும் இடத்தைப் பக்கச்சுவரில் 'டிடபிள்யூஐ' என்ற எழுத்தோ முக்கோணமோ காட்டும். மோட்டார் சைக்கிள் டயர்களில் அந்த மேடு பெரும்பாலும் 0.8 மில்லிமீற்றர். அதுவரை காத்திருக்க வேண்டாம். மழையில் தண்ணீரை வெளியே தள்ளும் வேலை அதற்கு வெகு முன்பே குறைந்துவிடும். நான் 3 மில்லிமீற்றரில் தேடத் தொடங்கி 2இல் மாற்றிவிடுவேன். தேடத் தொடங்குவதற்கும் டயர் கைக்கு வருவதற்கும் இடையே இங்கே வாரக்கணக்கில் போகும்.

2. அளவை டயரில் பார்க்காமல் கையேட்டில் பாருங்கள்

இப்போது கிடக்கும் டயரைப் படம் எடுத்துக் கடைக்கு அனுப்புவது மிகச் சாதாரணமான பிழை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் தளர்ந்தது. அதனால் இங்கே ஓடும் பெரிய வண்டிகள் பலவும் கைமாறிக் கைமாறி வந்தவை. முந்திய உரிமையாளர் கிடைத்ததைப் போட்டிருப்பார். அவருடைய பிழையை நீங்கள் ஏன் தொடர வேண்டும்?

எஃப்ஜேஆருக்கு முன்னால் 120/70 இசட்ஆர் 17, பின்னால் 180/55 இசட்ஆர் 17. ஜிடிஆர் 1400க்குப் பின்னால் 190/50. எஸ்டி 1300க்கு முன்னால் 18 அங்குலம், பின்னால் 17 அங்குலம், 170/60. முன் சில்லும் 17தான் என்று நினைத்து எஸ்டிக்கு வாங்கிவிட்டு முழித்தவரை எனக்குத் தெரியும்.

முதல் எண் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்க உயரம் என்பது. கடைசி எண் றிம்மின் விட்டம், அங்குலத்தில். 180/55இல் உயரம் 99 மில்லிமீற்றர், 190/50இல் 95, 190/55இல் 104.5. எண் சின்னதாக மாறினாலும் வண்டியின் பின்பக்கம் ஏறும் அல்லது இறங்கும். வளைவில் சாயும் விதம் அதோடு மாறும்.

இங்கே பலருக்கு அகலமான டயர் ஆசை உண்டு. 180 போட வேண்டிய, 5.5 அங்குலம் அகலமான றிம்மில் 190/50ஐ ஏற்றினால் றிம் அதை இரண்டு பக்கமும் நெருக்கி, நடுவை மேலே தள்ளும். தரையில் படும் இடம் நீங்கள் நினைத்த அளவுக்குக் கூடாது. ஹாண்டில் மந்தமாகும். பார்க்க வடிவாக இருக்கும், அவ்வளவுதான்.

3. பாரத்தைக் கணக்குப் போடுங்கள்

கன வண்டிக்கும் சாதாரண வண்டிக்கும் வித்தியாசம் இங்கேதான். அளவுக்குப் பக்கத்தில் 58 டபிள்யூ, 73 டபிள்யூ என்று எழுதியிருக்கும். எண் பாரக் குறியீடு, எழுத்து வேகக் குறியீடு. 58 என்றால் 236 கிலோ. 66 என்றால் 300. 69 என்றால் 325. 73 என்றால் 365. 75 என்றால் 387.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெற்றோல் நிரப்பிய எஃப்ஜேஆர் கிட்டத்தட்ட 290 கிலோ. ஓட்டுபவர் 80, பின்னால் மனைவி 60, ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் 10, பெட்டிகளில் சாமான் 25. மொத்தம் 465. பின்னால் ஆளும் பெட்டியும் இருக்கும்போது பாரத்தில் 60 சதவீதம் பின் சில்லுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால் 280 கிலோ. 73 போட்ட டயரில் 85 கிலோ இடைவெளி இருக்கிறது. "அதே சைஸ்தானே" என்று யாராவது 66 போட்டதைத் தந்தால் மிச்சம் வெறும் 20. றோட்டில் ஒரு குழியில் விழுந்தால் அந்த 20 எங்கே போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டுத் தராசில் ஆட்களையும் பைகளையும் உண்மையாகவே நிறுத்துப் பாருங்கள். சாமான் 10 கிலோதான் என்று சொன்ன ஒருவருடைய பெட்டிகளை நிறுத்தபோது 27 வந்தது. கையேட்டில் வண்டி தாங்கும் அதிகபட்ச பாரமும் எழுதியிருக்கும். அதைத் தாண்டினால் எந்த டயரும் உதவாது.

கனபேர் கவனிக்காத இன்னொன்று: அந்த 365 கிலோ, பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அழுத்தத்தில் காற்று இருந்தால் மட்டும்தான். பாரத்தைத் தாங்குவது காற்றுதான், றப்பர் அதை அடைத்து வைக்கும் பை. காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும்.

வேக எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எச் 210, வி 240, டபிள்யூ 270 கிலோமீற்றர். அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லாத நாட்டில் 270 எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எழுத்தோடு உள்கட்டமைப்பும் சூட்டைத் தாங்கும் அளவும் சேர்ந்து வருகின்றன. கையேட்டில் உள்ளதற்குக் கீழே இறங்காதீர்கள்.

4. எந்த றோட்டில் எப்படி ஓடுகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள். மனதுக்குள் சொன்னால் எல்லாரும் வாரம் தவறாமல் நுவரெலியா போகிறவர்கள்தான். கடந்த ஆறு மாதத்தில் உண்மையாக ஓடிய தூரத்தைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி காலி வீதியும் கண்டி வீதியும்தான் வரும்.

அப்படியென்றால் நடுவில் கடினமான றப்பரும் ஓரத்தில் மென்மையான றப்பரும் உள்ள ஸ்போர்ட் டூரிங் டயர்தான் உங்களுக்கு. நடு நீண்ட நாள் நிற்கும். கண்டி வீதியில் கடுகண்ணாவை மலை வளைவில் சாயும்போது ஓரம் பிடிக்கும்.

முழு ஸ்போர்ட் டயர் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் மழை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, பிறகு ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. ஸ்போர்ட் டயர் சூடேறினால்தான் பிடிக்கும். ஈர றோட்டில் அது சூடேறுவதில்லை, தவாளிப்பும் குறைவு. டூரிங் டயர்களில் சிலிக்கா கூடிய கலவை இருப்பதால் குளிர்ந்த, நனைந்த றோட்டிலும் பிடிமானம் கிடைக்கும். கன நாள் வெயிலுக்குப் பிறகு முதல் மழை பெய்யும் அரை மணி நேரம் எந்த டயர் போட்டிருந்தாலும் அவதானம்தான், எண்ணெயும் தூசியும் மேலே மிதக்கும்.

கார் டயரைப் பின்னால் போட்டு ஓடுகிறவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். இங்கேயும் ஒருவர் கேட்டார். சாயும் வண்டிக்குத் தட்டையான டயர் ஏன் ஒத்துவராது என்று பத்து நிமிடம் விளக்கினேன். நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

5. இப்போதுதான் பிராண்டும் மாடலும்

பெரிய நிறுவனங்கள் கன வண்டிகளுக்கென்று ஒரே மாடலில் தனி வடிவம் செய்கின்றன. மிஷலின் ரோட் 6 ஜிடி, பிரிட்ஜ்ஸ்டோன் டி32 ஜிடி, கொண்டினென்டல் ரோட் அட்டாக் 4 ஜிடி என்று பெயரின் பின்னால் ஜிடி வரும். பிரெல்லி ஏஞ்சல் ஜிடி 2இல் எல்லா டயரிலும் ஜிடி இருக்கும். அங்கே கன வண்டிக்கு உரியதைக் காட்டுவது 'ஏ' என்ற எழுத்து. மெட்ஸலர் ரோட்டெக் 01இல் எச்டபிள்யூஎம்.

புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சாதாரண ரோட் 6உம் ரோட் 6 ஜிடியும் அளவில் ஒன்று, பாரக் குறியீட்டிலும் ஒன்று. கடைக்காரர் "இரண்டும் ஒன்றுதான்" என்பார், பொய் சொல்வதும் இல்லை. ஆனால் ஜிடியின் உள்கட்டு விறைப்பானது. இருவரும் பெட்டிகளுமாக மலை இறங்கும்போது சாதாரண வடிவம் காலடியில் நெளிவது போல் இருக்கும். ஜிடி நெளியாது. அதனால் ஓர்டர் செய்யும்போது அந்தப் பின்னெழுத்தைத் தனியாகச் சொல்லி, எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹொண்டா விஎஃப்ஆர் 800 மாதிரி 240 கிலோ அளவிலான வண்டியில் தனியாக ஓடுகிறவருக்கு ஜிடி தேவையில்லை. விறைப்பாக அடிக்கும், ஒவ்வொரு குழியும் முதுகுக்குத் தெரியும்.

கையேட்டில் சொல்லியிருக்கும் மாடல் இப்போது உற்பத்தியில் இல்லாமல் இருக்கலாம். பயப்பட வேண்டாம். அளவு, பாரக் குறியீடு, வேக எழுத்து மூன்றும் பொருந்தினால் போதும். இந்தப் பட்டியலுக்குள் எது என்று என்னைக் கேட்டால், கொழும்பில் இந்த மாதம் புதிய திகதியோடு எது கிடைக்கிறதோ அது. அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிடப் புதிய டயருக்கும் நாலு வருடம் கிடந்ததுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

6. ஒன்றா, சோடியா?

முடிந்தால் சோடி. முன்னும் பின்னும் ஒன்றையொன்று நினைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். பின் டயர் முதலில் தேய்வது வழக்கம். முன் டயரில் பாதிக்கு மேல் தவாளிப்பு இருந்து, அது சீராகத் தேய்ந்திருந்தால் அதே மாடலில் பின்னால் மட்டும் மாற்றலாம். ரேடியலையும் (உள் இழைகள் நேர் குறுக்கே ஓடுபவை) பழைய பயஸ் வகையையும் (இழைகள் சரிவாக ஓடுபவை) ஒரே வண்டியில் கலக்க வேண்டாம்.

7. காசு கொடுக்க முன் திகதியைப் பாருங்கள்

பக்கச்சுவரில் 'டிஓடி' என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், திருப்பிப் பாருங்கள். தொலைபேசியில் பேசி வாங்குவதானால் அந்த நான்கு இலக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "புதுசு, அண்ணா" என்பது திகதி இல்லை.

என் கணக்கு: இரண்டு வருடத்துக்குள் என்றால் கேள்வியில்லாமல் வாங்குவேன். மூன்றைத் தாண்டினால் விட்டுவிடுவேன். கடை வாசலில் வெயிலில் தொங்கிய டயர் என்றால் திகதி எதுவானாலும் வேண்டாம். போட்டு ஐந்து வருடம் ஆன டயரை வருடத்துக்கு ஒருமுறை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் பாவித்த டயர் பாதி விலைக்குக் காட்டுவார்கள். வெளியே பளபளக்கும். உள்ளே எத்தனை ஒட்டு, எவ்வளவு காலம் காற்றில்லாமல் ஓடியது என்பது தெரியாது. மற்றப் பாகங்களுக்கு அந்த இடத்தைப் போல வேறில்லை, நானும் போகிறேன். டயருக்கு மட்டும் வேண்டாம்.

8. பூட்டும் இடத்தைத் தேர்வது

டயரைவிட இதில்தான் அதிகம் பிழைக்கிறது. போக முன் ஃபோனில் மூன்று கேளுங்கள்: மோட்டார் சைக்கிள் சில்லைப் பிடிக்கும் மெஷின் இருக்கிறதா, சமநிலை பார்ப்பார்களா, அலுமினிய றிம்முக்குப் பாதுகாப்பு வைப்பார்களா. மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வேறு இடம்.

கூடுமானால் சில்லை வீட்டிலேயே கழற்றி, சில்லை மட்டும் கொண்டுபோங்கள். கழற்றியதும் ஏபிஎஸ் வளையம் (பிறேக்குக்காகச் சில்லின் வேகத்தை அளக்க உதவும் வளையம்) நிலத்தில் படும்படி சில்லைப் படுக்கப் போடாதீர்கள், வளைந்துவிடும். ஜிடிஆர் போன்றவற்றில் றிம்முக்குள் காற்றழுத்த சென்சர் இருக்கலாம், வால்வுக்குப் பக்கத்தில். கடைக்காரருக்குச் சொல்லாவிட்டால் டயரை அமத்தும் இரும்பு அதன் மேல் இறங்கும். சென்சரின் விலையில் இன்னொரு டயர் வாங்கலாம்.

பழையது வந்ததும் றிம்மின் உள் விளிம்பைப் பாருங்கள். கடல் காற்றில் நிற்கும் வண்டிகளில் அலுமினியம் வெள்ளைப் பூப்போல அரித்திருக்கும். அப்படியே புதியதைப் போட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) களவாகக் குறையும். பிறகு பஞ்சர் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். மெல்லிய தேய்ப்புத் துணியால் தேய்த்துத் துடைத்தால் போதும். வால்வையும் இப்போதே மாற்றுங்கள், காசு அற்பம்.

டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி உண்டு. பூட்டி முடிந்ததும் நீங்களே ஒருக்கா பாருங்கள். எனக்கு ஒரு கடையில் முன் டயரைத் திருப்பிப் போட்டுத் தந்தார்கள், வீட்டுக்கு வந்துதான் கண்டேன்.

9. திரும்பப் பூட்டும்போது

சில்லு வெளியே இருக்கும்போது பெயாரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் இதுதான் மாற்றும் நேரம். பிறேக் பேடையும் பாருங்கள். எஃப்ஜேஆர், எஸ்டி, ஜிடிஆர் மூன்றும் செயின் இல்லாமல் ஷாஃப்டில் (சுழலும் தண்டில்) ஓடுபவை. பின் சில்லு கழன்றிருக்கும்போது அது ஷாஃப்டின் பக்கத்தோடு பொருந்தும் பற்களைத் துடைத்து, கையேட்டில் சொன்ன கிரீசைப் பூசுங்கள். இதை விட்டுவிட்டால் பற்கள் சத்தமில்லாமல் தேய்ந்துபோகும்.

முன் அக்சிலை இறுக்கியதும், அதைப் பிடிக்கும் பக்க போல்ட்டுகளை இறுக்க முன் முன் பிறேக்கைப் பிடித்து வண்டியை நாலைந்து தரம் கீழே அமத்திவிடுங்கள். போர்க் கால்கள் தம் இடத்தில் நேராக உட்கார வேண்டும். முதலிலேயே இறுக்கினால் கோணலாக நிற்கும். எவ்வளவு இறுக்குவது என்பது கையேட்டில் இருக்கிறது. இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் றென்ச் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள்.

வண்டியை நகர்த்த முன் இரண்டு பிறேக்கையும் பல தரம் அழுத்துங்கள். சில்லைக் கழற்றும்போது பிறேக்கின் பிஸ்டன்கள் பின்னால் தள்ளப்பட்டிருக்கும். முதல் அழுத்தில் பிறேக் பிடிக்காது. வாசலை விட்டிறங்கும்போது மதிலில் முட்டியவரைக் கண்டிருக்கிறேன்.

10. காற்றும் முதல் 150 கிலோமீற்றரும்

எஃப்ஜேஆருக்குக் குளிர்ந்த நிலையில் முன்னால் 39, பின்னால் 42 பிஎஸ்ஐ. உங்கள் வண்டிக்குக் கையேடு என்ன சொல்கிறதோ அது. டயர்க் கடையும் பெற்றோல் செட்டும் தம் பழக்கத்தில் 30, 32 அடித்துவிடும். ஒருமுறை அப்படித்தான் இரண்டுக்கும் 32 அடித்துத் தந்தார்கள், நானும் பார்க்கவில்லை. கடுகண்ணாவை ஏறும்போது வண்டி படகு மாதிரி அசைந்தது. இவ்வளவு காசு போட்டு மோசமான டயர் வாங்கிவிட்டேனே என்று கண்டி மட்டும் புலம்பிக்கொண்டே போனேன். அடுத்த நாள் காலை மானியை வைத்துப் பார்த்து, காற்றை ஏற்றியதும் சரியாகிவிட்டது.

காலையில், வண்டி ஓட முன் பாருங்கள். ஓடிச் சூடானதும் அழுத்தம் சில பிஎஸ்ஐ கூடுவது இயல்பு. கூடிவிட்டதே என்று திறந்துவிட்டால் மறுநாள் குறைந்திருக்கும்.

புதிய டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீற்றர் சடுதியான பிறேக் வேண்டாம், முறுக்கிக் கிளப்ப வேண்டாம், சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இந்தத் தூரத்தில் நகர வீதியை மட்டும் ஓடினால் நடு மட்டும்தான் பழகும், ஓரம் அப்படியே இருக்கும். வளைவுகள் உள்ள அவிசாவளைப் பக்கம் காய்ந்த நாளில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். பளபளப்பாக்கும் திரவம் எதையும் பூசாதீர்கள், பக்கச்சுவருக்குக்கூட. சுழலும்போது அது ஓரத்துக்கு வழியும்.

ஒரு வாரம் கழித்துக் காற்றை மறுபடி பாருங்கள். போட்ட திகதி, அன்றைய கிலோமீற்றர், டிஓடி இலக்கம் மூன்றையும் கையேட்டின் பின்பக்கம் எழுதிவையுங்கள்.

பழைய டயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஊஞ்சல் கட்டலாம், பூச்செடி வைக்கலாம் என்று முற்றத்தில் போட்டால் ஒரு மழைக்குத் தண்ணீர் தேங்கி நுளம்புக் குஞ்சு வந்துவிடும். டெங்குப் பரிசோதனைக்கு வரும் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முதலில் குனிந்து பார்ப்பது டயருக்குள்தான்.